அருளப்புவின் ஐந்து நிமிடம்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டு மூன்று நாள். அங்கே கட்டிக்கொடுத்த மகள் யூலிற்றா இருக்கிறாளா இல்லையா என்று புனிதத்துக்குத் தெரியாது. ரோட்டும் இல்லை, தந்தியும் இல்லை. முல்லைத்தீவில் அவளுக்கு மிஞ்சியிருந்தது தமையன் அருளப்புவின், கேட்கவும் பேசவும் கூடிய அமெச்சூர் ரேடியோ ஒன்றுதான். மனுசன் தபால் கந்தோரில் தந்தி அடித்து ஓய்வுபெற்றவர், லைசன்சோடு வைத்திருந்தார்.

மாதா கோயிலில் இரவல் வாங்கிய ஜெனரேற்றர் முற்றத்தில் இரைந்தது. மேசையில் ரேடியோ, பக்கத்தில், அதன் சத்தத்தைத் தூரத்துக்குத் தள்ளிவிடுகிற அம்ப்ளிஃபையர் பெட்டி. கடைசியில் ஒருவாறு மட்டக்களப்பில் இதேமாதிரி ரேடியோ வைத்திருந்த ஒருவர் கிடைத்தார். யூலிற்றாவின் பெயரைச் சொல்ல அருளப்பு வாயெடுக்க, பெட்டிக்குள் 'டப்' என்றது.

"முல்லைத்தீவு, உங்கட சத்தம் விழுந்துபோச்சு. ஆரைத் தேடுறியள்? என்ர பற்றறி இன்னும் பத்து நிமிசந்தான் நிக்கும்," என்றது அங்கிருந்த குரல்.

அருளப்பு பெட்டியின் பிளக்கைக் கழற்றினார், மூடியைத் திறந்தார். பிறகு மனுசன் என்ன செய்தார்? கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்!

"என்னண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"உள்ளுக்க இரண்டாயிரம் வோல்ற். பிளக்கைக் கழட்டினாலும் கொண்டென்சர் கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். அது வடிய ஐஞ்சு நிமிசம் வேணும்."

ஐந்து நிமிடமாம்! புனிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போனாள், வந்தாள், மாதாவைக் கூப்பிட்டாள், தமையனைத் திட்டினாள். சின்ன வயதிலிருந்தே இந்த மனுசன் இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். ஒரு நிமிடம் போனது. இரண்டும் போனது. பெட்டிக்குள் கண்ணாடி வால்வின் தலையிலிருந்து கழன்ற வயர் கண்முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொழுவ எவ்வளவு நேரம்?

"இவ்வளவு நேரம் நிண்டது காணும். விடுங்கோ, நான் கொழுவிறன்," என்று கையை நீட்டினாள்.

அருளப்பு பளாரென்று அந்தக் கையில் அடித்தார். ஐம்பது வயதில் தமையனிடம் அடி! புனிதம் விக்கி விக்கி அழுதாள்.

ஐந்து நிமிடம் முடிந்தும் அவர் கை வைக்கவில்லை. நிலத்துக்குள் இறக்கிய கம்பியிலிருந்து வரும் வயரை நுனியில் கட்டிய நீளத் தடியை எடுத்து, தொங்கிய வயரில் முட்டவைத்தார். சீனவெடி மாதிரி ஒரு சத்தம், நீலப்பொறி பறந்தது. தானாக வடிய வேண்டிய கரண்ட் வடியவே இல்லை. அருளப்பு தங்கையின் கையைத் திரும்பிப் பார்த்தார்.

மறுபடி தடியை வைத்தார், சத்தமில்லை. வயரைக் கொழுவி, மூடியைப் பூட்டி, பிளக்கைச் செருகி, வால்வு சூடாகும்வரை காத்திருந்தார். இப்போது புனிதமும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"யூலிற்றா. யோசெப்பின்ர பெஞ்சாதி," என்றார் மைக்கில்.

"ஓ, அந்தப் பிள்ளையோ? புருசனோட பள்ளிக்கூடத்தில இருக்கிறா, சுகம். இண்டைக்குக் காலமை இங்க வந்து அழுதவா. முல்லைத்தீவுப் பக்கமும் கடல் ஏறினதெண்டு கதை. அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு கேட்டுச் சொல்லச் சொன்னவா. இருக்கிறாவோ?"

அருளப்பு மைக்கைத் தங்கையிடம் கொடுத்தார்.

"இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் புனிதம். "அவளின்ர மாமா எனக்கு அடிச்சவர். அதால இருக்கிறன்."