கத்தரிக்காய் மேல் போட்ட பழி

என் அக்கா சங்கரிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது அணுபுரம் குவார்ட்டர்ஸில் அவள் தெருவுக்கே தெரியும். கத்தரிக்காய் மட்டுமா? கருவாடு, இறால், நண்டு எல்லாமே தோலில் கரப்பானைக் கிளப்பும் என்று அவள் மாமியார் ஜெகதாம்பாள் வீட்டுக்குள் விடுவதில்லை. மாமல்லபுரத்து மீன்காரம்மா கூடையை இறக்காமலே அந்த வாசலைத் தாண்டிப் போவாள். எல்லாம் பச்சைப் பொய். அக்காவுக்கு ஆகாதது தலைக்கு அடிக்கிற டை.

காலேஜில் படிக்கும்போதே அவளுக்கு இளநரை. முன்நெற்றியில் கொத்தாக வெள்ளை. மதுராந்தகத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் அந்த முடியைப் பார்த்துவிட்டுப் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. அடுத்த வரன் வருமுன் அம்மா ஒரு பாக்கெட் கறுப்புப் பொடியைக் குழைத்து அவள் தலையில் தடவினாள். பாலா மாமா வந்தார், பார்த்தார், பிடித்துப்போனது. அணுமின் நிலையத்தில் வேலை. நல்ல மனுஷன். "நரையப் பத்தி அங்க மூச்சு வுடாத. வாழாவெட்டியா வந்து நிப்ப" என்று அம்மா மிரட்டியதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் வாயில் வருகிற பேச்சா அது!

கல்யாணத்துக்குப் பிறகு மாதாமாதம் பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு அடித்தாள். முதலில் காது மடலில் அரிப்பு. அப்புறம் நெற்றியெல்லாம் கொப்புளம், நீர் வடிந்தது. "நேத்து கத்திரிக்கா சாப்ட்டேன் அத்தை" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அந்தம்மாவும் பாவம், நம்பி வேப்பிலை அரைத்துப் பூசினார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று அந்தச் சமையலறையை விட்டுப் போனது. நானும் சண்டை போட்டுப் பார்த்தேன்.

"மாமா கிட்ட சொல்லித் தொலைக்கா! நரை இன்னா கொலைக்குத்தமா?"

"உனக்குப் புரியாதுடி பிரதீபா."

அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மாமாவின் தங்கைக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் அண்ணிக்காரி நரையோடு நிற்கலாமா? முந்தின நாளே அக்கா டை அடித்தாள். விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் மாமா எனக்குப் போன் செய்தார். செங்கல்பட்டில் ஒரு கிளினிக்கில் அவளைச் சேர்த்திருந்தார். ஓடினேன். கட்டிலில் கிடந்தவள் என் அக்காதானா என்று குனிந்து பார்த்தேன். முகம் பூசணிக்காயாக வீங்கி, இமை ஒட்டி, கண் இருந்த இடமே தெரியவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"தலையில ஏதாவது போட்டீங்களாம்மா?" டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். மாமா பக்கத்திலேயே நின்றார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டை போட்டுகினு கீறா டாக்டர்! கல்யாணத்துக்கு முன்னாடி புடிச்சே போடறா. இவருக்குத் தெரியாது!"

"அடிப்பாவி" என்று அக்கா முனகினாள்.

டாக்டரம்மா ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் சீரான பிறகு, "இனிமே அந்தப் பொடி கிட்டயே போகக் கூடாது. அடுத்த தடவை தொண்டை அடைச்சிடும், உசுரு தங்காது" என்றார்.

மாமா குதிப்பார் என்று பயந்தேன். குதிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பைத்தியமே, எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நரைச்சா நரைச்சிட்டுப் போகுது."

இந்த மனுஷனுக்குப் பயந்தா இத்தனை வருஷம் வெந்து செத்தாள்!

பிறகு அவர் டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அடுத்த மாசம் தங்கச்சி நிச்சயதார்த்தம், டாக்டர். பூ வைக்க வந்தப்ப இவள கறுப்பு முடியோட பாத்துட்டுப் போயிருக்காங்க. ஏதாவது பேசுவாங்க. அதுக்கு மட்டும், லேசா, ஒரே ஒரு வாட்டி போட்டுக்கலாமா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள், கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த அக்கா சரியென்று தலையாட்டினாள்.