இரண்டே நொடி

பனி ஹாக்கி அணி ஒன்றுக்கு இளம் தடுப்பாட்டக்காரர்களைப் பொறுக்குவது என் பிழைப்பு. அடிபட்டு விழுந்தவன் எத்தனை நொடியில் எழுகிறான் என்று பார்த்து மதிப்பெண் போடுவேன்.

கனடாவின் சஸ்காட்டூனில் ஒரு போட்டி. கோல்பி என்ற பதினேழு வயதுப் பையனை எதிரணிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து மோதினான். தலை, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் இடித்தது. விழுந்த கோல்பி இரண்டே நொடியில் எழுந்துவிட்டான். துணிச்சலுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

“இரும்புடா இவன்!” என்றேன், பக்கத்தில் இருந்த ஓரெஸ்டிடம். அவன் வேறோர் அணிக்கு ஆள் பொறுக்குபவன்.

“எங்க போறான்னு பாருடா, மடையா.”

கோல்பி எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவர்கள் தண்ணீருக்குக் கை நீட்டினான்.

“அந்த ஒன்பத அடிச்சிரு,” என்றான் ஓரெஸ்ட்.

“எந்திரிச்சானா இல்லையா?” என்றேன்.

ஜூனில் நடந்த வீரர் தேர்வு விழாவில் கோல்பியை எங்கள் அணிக்கு எடுத்தோம். மேடையில் நான்தான் அணியின் சட்டையை மாட்டிவிட்டேன். கைகுலுக்கியவன் என் பெயரை மூன்று தடவை கேட்டான்.