குழாய் எட்டாத மரம்

ஐந்தாம் நாளும் தட்டுகளில் பச்சை படரவில்லை. தம்பியின் ஆரஞ்சுத் தோட்டத்து மண்ணைக் கரைத்து, எங்கள் ஆய்வகத்தில் எட்டுத் தட்டுகளில் ஊற்றி வைத்திருந்தேன். ஒன்றில்கூட ஒரு பொட்டுப் பச்சை இல்லை. நான் அந்த மண்ணில் விட்டது பச்சையாகப் படரும் உயிருள்ள பூஞ்சை. வேரை அழுகவைக்கும் கிருமியைத் தின்று வளர்வது. மட்கிய எருவில் கலந்து, ஈரச் சாக்கால் மூடி, பதினைந்து நாள் கைக்குழந்தை மாதிரி பார்த்து, நாற்பது மரங்களுக்கும் நானே வைத்தேன். நோய் அடங்காமல் போகலாம், அது வேறு. வைத்ததே இல்லாமல் போனதென்றால் யாரோ கொன்றிருக்கிறார்கள்.

இந்தப் பருவத்துக்குள் துளிர் வராவிட்டால் மரங்களைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவேன் என்று தம்பி சொல்லியிருந்தான். நான் பதறியடித்துப் போய்ச் சேர்ந்தபோது மண் அள்ளும் இயந்திரம் கடைசி வரிசை தவிர மூன்று வரிசை மரங்களையும் பிடுங்கியிருந்தது.

"என்னத்தடா ஊத்துன?"

அவன் மழுப்பவில்லை. "வேரழுகலுக்கு விக்கிற மருந்துதான்க்கா. நீ வச்சுட்டுப் போன மூணாம் நாள் குழா வச்சு ஊத்துனேன். ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் கேக்கும்னு கடைக்காரர் சொன்னாரு."

"அது பூஞ்சையக் கொல்ற மருந்துடா. நான் வச்சதே பூஞ்சைதான். எதையும் ஊத்தாத, ஊத்தாதன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே!"

"மரம் கண்ணு முன்னால காயுது. கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

எங்க அக்கா விஞ்ஞானி என்று ஊரெல்லாம் மார்தட்டுகிறவன் இவன். காரியம் என்று வந்தபோது மருந்துக் கடைக்காரன் பேச்சைக் கேட்டிருக்கிறான். இனி இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் பூஞ்சையை யார் வாங்கி வைப்பார்கள்? அக்கா சொன்னதைச் செய்துதான் தோட்டமே போச்சு என்றுதான் பேச்சு ஓடும்.

அதற்குள் இயந்திரம் வேலியோரம் இருந்த கடைசி மரத்துக்கு வந்துவிட்டது. அதன் கிளை நுனியில் துளிர் மாதிரி ஏதோ தெரிந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு அடிமரத்தைச் சுற்றிக் கையால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் புது வேர்கள், வெள்ளை வெளேரென்று.

தம்பி குந்தி உட்கார்ந்து ஒரு வேரை விரலால் தடவினான்.

"இதுக்குக் குழா எட்டல," என்றான்.

ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடங்குக்காரங்ககிட்ட கையெழுத்துப் போட்டாச்சுக்கா."

நான் தோண்டிய மண்ணை அவன் இரண்டு கையாலும் அள்ளி வேரின்மேல் போட்டு மூடினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு எட்டிப் போய் நின்று, என் பக்கம் திரும்பாமல், பிடுங்கச் சொல்லி ஓட்டுநருக்குக் கையசைத்தான்.