சும்மா எண்ணுகிற வரி

தகடு வெட்டும் பிரஸ் இறங்கிய சத்தத்திலேயே பச்சைமுத்து பட்டன்களிலிருந்து கைகளை எடுத்துவிட்டான். பட்டனை அழுத்தியபின் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் நின்றுதான் அது இறங்கும். பதினோரு வருஷமாக அவன் உடம்புக்குப் பழகிய நேரம் அது. இன்று அந்த நேரம் இல்லை.

"மேடம், முன்ன கொஞ்சம் நிக்கும். இப்ப உடனே உழுது."

தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மி நிமிர்ந்தாள். பிரஸ்ஸை ஓட்டும் புரோகிராம் அவள் பொறுப்பு.

"பழைய புரோகிராம்ல ஒரு வரி, பத்தாயிரம் வரைக்கும் சும்மா எண்ணிண்டிருக்கும். அதான் அந்த நேரம். புரோகிராமை மெஷினுக்குப் புரியறாப்பல மாத்தித் தர்ற புது கம்பைலர் ஸ்டாண்டர்டுபடி நடக்கறது. வேலையில்லாத வரின்னு தூக்கிடுத்து."

"பழையபடி வுட முடியாதா?"

"அதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கு. போட்டா திரையில ஒரு வார்னிங் வரும். ஒண்ணுகூட வரப்படாதுன்னு ஆர்டர் குடுத்த வெளிநாட்டுக்காரன் எழுதியே கேட்டிருக்கான். மூணு மணிக்கு ஆடிட்டர் வரார். ஆர்டர் போச்சுன்னா இந்த ஷெட்டையே மூடிடுவா." அவன் கையெழுத்துக்காகச் சோதனைத் தாளை நீட்டினாள். "ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அழுத்தினாதானே இறங்கும்? கை வெளியில இருக்கறச்சே அந்த நேரம் எதுக்கு?"

எதுக்கு என்று அவனுக்குத் தெரியும். தகடு அடுக்கிக்கொண்டிருந்த எல்லம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் தேறாது. இடது பட்டனை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டு, இடது கையால் தகட்டை வைத்து எடுப்பார்கள். வலது பட்டனை அழுத்தியபின் இடது கை வெளியே வருவது அந்த ஒரு மூச்சில்தான். ஆடிட்டருக்காகக் காலையில் எல்லாரும் டியூப்பை அவிழ்த்து மறைத்துவிட்டார்கள். கட்டியது தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. நாலு மணிக்கு எல்லம்மா இந்த பிரஸ்ஸில் உட்காருவாள்.

"இன்னாண்ணா, கையெழுத்துக்கு ராகு காலம் பாக்குறியா?" எல்லம்மா சிரிக்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம கிளாஸ் போயி கத்துக்கினதெல்லாம் இன்னாத்துக்கு?"

நாற்பத்திரண்டு வயது வரை கட்டைவிரல் ரேகைதான். இப்போது 'சோதித்தேன், சரி' என்று தாளில் அச்சடித்திருப்பதை அவனால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

பேனாவைத் திறந்தான். மூடினான். பேன்ட் பாக்கெட்டிலிருந்து தன் டியூப்பை வெளியே எடுத்தான்.

"அண்ணா, வேணாம்!"

"என்துதான் மேடம். நான் மட்டுந்தான் கட்டுவேன்." இடது பட்டனில் இறுக்கிக் கட்டினான். தகடு வைக்கிற இடத்தில் பேனாவை இடது கையால் நீட்டிப் பிடித்தான். அனந்தலக்ஷ்மி நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வலது பட்டனை அழுத்தினான்.

கையை இழுத்தபோது விரல்களில் பாதிப் பேனா இருந்தது.

வெளியே கேட் அருகில் கார் ஹாரன் கேட்டது. அனந்தலக்ஷ்மியின் பார்வை டியூப்பிலிருந்து தாளுக்குப் போய், மறுபடி டியூப்புக்கே வந்தது. அவள் கை விசைப்பலகைக்கு மேலே இறங்காமல் நின்றது. பிரஸ்ஸின் இரும்புப் படுக்கையில் நீல மை, எல்லம்மா தகடு வைக்கிற இடத்தை நோக்கி மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.