நாலு நாள் வெறும் தீனி

...அவசரப்பட்டால் காரியம் கெட்டது, அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, முதல் நாலு நாள் வெறும் தீனி, அதே தட்டு, அதே மூலை, அதே நேரம், ஐந்தாம் நாள்தான் மருந்து. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மேனேஜரிடமும் இதையே ஒப்பித்து எலிக்காரருக்கு வாய் வலித்துவிட்டது. இந்தத் தானியக் கிடங்கு மேனேஜரும் முதல் நாளே குதித்தார், "எலிக்கு விருந்து வைக்கவாய்யா உன்னைக் கூப்பிட்டேன்?" என்று. வைக்கத்தான் சார் வேணும் என்று சொல்லிவிட்டு மூட்டைகளுக்கு நடுவே மண்டி போட்டார். எலி என்ன, மனுஷன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டுக்கொள்ளுமா? புதுசாக எதைக் கண்டாலும் ஒரு வாய்தான் கடிக்கும், கடித்துவிட்டுப் போய்க் காத்திருக்கும், வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்கும், ஏனென்றால் அதற்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். ஒரு தடவை வயிறு கலங்கிவிட்டால் அந்தத் தட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இன்றைக்கு ஐந்தாம் நாள், தட்டெல்லாம் துடைத்துவைத்ததுபோல் காலி, நம்பிவிட்டன. கலந்து வைத்தார். முன்பெல்லாம் இந்த நாளில் சோறு இறங்காது, இப்போது அந்தக் கஷ்டமும் இல்லை, எப்போது நின்றுபோனது... நினைவில்லை. கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டிலும் ஐந்தாம் நாள். சட்டைப்பையில் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து, கட்டைவிரல் அளவு பாட்டில், நிறமில்லை, ருசியில்லை. மகள் அறைக்குள் போய் ஏழு வாரம், இருபத்துநாலு வயசுப் பெண், சாப்பாட்டில் யாரோ என்னவோ கலக்கிறார்கள் என்று பிரிக்காத பாக்கெட்டில் இருக்கும் பிஸ்கட்டை மட்டும் தின்று பாதியாகிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் மருந்து உள்ளே போகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவகிட்ட எடுத்துச் சொல்லிட்டுக் கொடுங்க என்றும் சொன்னார், எடுத்துச் சொல்லியெல்லாம் பார்த்தாகிவிட்டது. "நீங்க வச்சா சாப்பிடுவா, உங்களுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு, கலந்துடுங்க," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். போன தடவை நாலு பேர் பிடித்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்களே, அப்போது அவள் கத்தவில்லை, அப்பா நீங்க சொல்லுங்கப்பா என்றாள், அவ்வளவுதான், இவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கு பஸ் ஜன்னலில் தலை சாய்த்து யோசித்துப் பார்த்தாலும் வரவில்லை, பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது நெஞ்சு.

அதே நீலத் தட்டு. முட்டை கலந்த சோறு. மனைவி அடுப்பைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே துடைக்கிறாள். அஞ்சு சொட்டு, எண்ணி விட்டார், கிளறினார், கை பழக்கத்தில் தட்டின் ஓரத்தைக்கூட வழித்துவிட்டது. நாலு நாளும் நல்லபடியாகத்தானே போயிற்று, அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடவேண்டும், பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கூடத்தில் பேப்பர் படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொள்ளவேண்டும்... கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை வரும், ஓரத்தில் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டு கதவு சாத்திக்கொள்ளும். அரை மணி கழித்துத்தான் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். ஒரு வாய், அப்புறம் அரை மணி. நாலு நாளும் அப்படியேதான். இதை எங்கே... கிடங்கில் முதல் நாள் மூட்டைக்கு நடுவே மண்டி போட்டபோது மேனேஜருக்கு எதை ஒப்பித்தார்? கூடத்துக்கு நடுவில் எலிக்காரரின் கால் நின்றுவிட்டது. ஒன்பது வயசில் ஒரு லீவு நாள் அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போயிருந்தார், எல்லாவற்றையும் காட்டினார், பெருமையாகத்தான் காட்டினார், தகப்பனுக்கு வேறு என்ன தெரியும்? பாவம்லப்பா, நாலு நாள் நம்பிச்சே, என்றாள் அவள். இவர் சிரித்தார்.

தட்டை வைக்கக் குனிந்தபோது கதவு தானாகவே ஒரு விரற்கடை திறந்தது. கை வரவில்லை. குரல்தான் வந்தது, தூக்கம் கலையாத குரல், கோபம் ஒன்றும் இல்லை.

"அப்பா, இன்னிக்கு அஞ்சாவது நாள்ல?"

சமையலறையில் துணி நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம், சுலபம், தட்டை வைத்துவிட்டுப் பேப்பரிடம் போய்விடலாம், திங்கட்கிழமை அந்த வண்டி வராது... அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முதல் நாளே தெரிந்திருக்கிறது, எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள், தெரிந்தும் நாலு நாள் சாப்பிட்டாளே, பசியிலா, இல்லை, அப்பா கலக்கமாட்டார் என்று... எந்த எலியும் அப்படிச் செய்யாதே.

"ஆமாம்மா," என்றார்.

கதவு சாத்திக்கொள்ளவில்லை. திறக்கவும் இல்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார், தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை, சோற்றுச் சூடு மெல்ல விரலைச் சுட ஆரம்பித்தது.