வாரஸின் பழைய பெயர்

“பழைய பேரைச் சொல்லுங்கக்கா, ஒரே ஒரு—”

“சொல்லவே மாட்டேன்! அந்தப் பேரைக் கூப்பிட்டா இருமல் திரும்பி வந்துரும்.”

துமினியின் மடியில் குழந்தை வாரஸ் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி வருகிறதா என்று ஆராய, ஜாவாவின் அந்த மலையூருக்கு வந்தவள் வூலான். ஊசி போட்ட ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. வந்ததெல்லாம் போடாத பிள்ளைகளுக்குத்தான். இவ்வளவு சுத்தமான முடிவை அவளுடைய பேராசிரியரே பார்த்ததில்லையாம். நாளைக்கு மாநாட்டில் அதை அவள் வாசிக்க வேண்டும்.

“பிள்ளைக்குச் சீக்கு வந்தா பேரு கனமாயிருக்குன்னு அர்த்தம். உடனே இறக்கிவெச்சுட்டு லேசா வேற வெப்போம்,” என்றாள் துமினி. “ஊசியெல்லாம் பழைய பேர்ல போட்டாச்சு.”

புதுப் பெயருக்கு ஊசி போட்ட பதிவு எங்கே இருக்கும்? வூலானின் கணக்கில் அது ஊசி போடாத பிள்ளை.

“சளி வந்த எல்லாப் பிள்ளைக்கும் மாத்திட்டீங்களா?”

“மாத்தாம? நாங்க என்ன பிள்ளையைக் கவனிக்காதவங்களா?”

வூலான் பேராசிரியரின் எண்ணைத் தேடினாள். துமினி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஏன் தங்கச்சி, உங்க ஆராய்ச்சிக்குச் சீக்கு வந்துருச்சா? அதுக்கும் பேரை மாத்திப் பாருங்களேன்.”