வீரனுக்கு வைத்த தண்ணீர்

கண்டிப் பக்கத்துப் பன்விலைக்கு மேலே, காலை பத்து மணியானாலும் மூடுபனி எழுந்து போக மனசில்லாத ஒரு காப்பித் தோட்டத்தில், இருளப்பன் செத்த நாற்பதாம் நாள் அவனைச் சாமியாக்கினார்கள். அவன் பெண்டாட்டி ராக்கம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டா உலகத்தில் சாமி உண்டாக்குகிறார்கள்?

மூக்கையா கங்காணிக்கு ஒரு கனவு வந்தது, அவ்வளவுதான் விஷயம். கனவில் இருளப்பன் பித்தளைப் பொத்தான் வைத்த பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் காவல் நின்றானாம். விடிந்ததும் கங்காணி ஆளைக் கூட்டி, கடைசி லயத்துக்குப் பின்னால் ஓடைக்குப் போகும் வழியில் ஒரு கல்லை நட்டு, செத்தவனின் கோட்டை எடுத்து அந்தக் கல்லுக்கு மாட்டிவிட்டார். கடலுக்கு அந்தப்பக்கம், சொந்த ஊர்ப்பக்கத்தில், சண்டையில் பட்டவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது வழக்கம்தான். இருளப்பன் எந்தச் சண்டையிலும் படவில்லை. காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்து செத்தான். அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆளையும் கங்காணி விட்டுவைக்கவில்லை.

"பதினாலு வருசம் பட்டாளத்துல நின்னவன்யா! அவன் வீரன் இல்லாம, காப்பிப் பழம் புடுங்குற நீயா வீரன்?"

அதற்கு மேல் யார் பேசுவது? கண்டிச் சீமையில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கலவரம் நடந்ததே, அதற்கு மறு வருஷம் இருளப்பன் பட்டாளத்தை விட்டு விலகி இந்தத் தோட்டத்து ஸ்டோருக்குக் காவல்காரனாக வந்தான். ஐந்து வருஷம் இருந்தான். பட்டாளத்துக் கதை ஒன்றுகூட யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனும் நம்மைப்போல ஒரு மனுஷன் என்று தெரிந்திருக்கும். வாயைத் திறக்காத ஆளை இந்த மலையில் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவன் மௌனத்துக்குள்ளே பீரங்கியும் குதிரையும் இவர்களே ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ராக்கம்மாவுக்கும் முதலில் அது பிடித்துத்தான் இருந்தது. சாமி பெண்டாட்டிக்கு லயத்தில் தனிக் காம்பரா, ஒரு முழு அறை, கிடைத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம், கூடை தூக்க வேண்டாம். திருநீறு முதலில் அவள் கைக்குத்தான் வரும். சாகிற தறுவாயில் புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இருந்தாலும் அவள் வாயை மூடிக்கொண்டாள். மழைக்கு ஒழுகாத கூரையும் மூன்று வேளைச் சோறும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

பூசாரி கறுப்பையா தினமும் பொழுது சாயும்போது கல்லுக்கு முன்னால் ஒரு சுருட்டும், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாராயமும், இன்னொரு சிரட்டையில் தண்ணீரும் வைப்பான். சிரட்டையைக் கண்ட முதல் நாளே ராக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடந்த இருளப்பனுக்கு அவள் சிரட்டையில்தான் தண்ணீர் நீட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டு, சுவர்ப் பக்கமாகச் சுருண்டுகொண்டான். செம்பில் கொடுத்தும் குடிக்கவில்லை. தாகத்தோடேதான் போனான்.

காலையில் போய்ப் பார்த்தால் சாராயம் வைத்தது வைத்தபடி ஈ மிதந்து கிடக்கும். சுருட்டு நமத்துப்போயிருக்கும். தண்ணீர்ச் சிரட்டை மட்டும் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் நரி குடித்தது, நாய் குடித்தது என்று சொல்லலாம். ஒரு மாதமாகவா?

அது மட்டுமா! ஓடையிலிருந்து கல்வரைக்கும் ஈரமண்ணில் காலடித் தடம் விழத் தொடங்கியது. வெறுங்கால் தடம். விரல் ஐந்தும் அகல விரிந்த, வயலில் உழைத்த கால். இருளப்பனை ஆணி அடித்த சப்பாத்து இல்லாமல் அந்தத் தோட்டத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

"அவுக வெறுங்கால்ல நடக்க மாட்டாகளே, கங்காணியாரே," என்றாள் ராக்கம்மா மெதுவாக.

"சாமியானப்புறம் எதுக்கும்மா சப்பாத்து?" என்று கங்காணி அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் கிடாயின் வாயை அடைக்க அவரால் முடியவில்லை. சாமிக்கு ஆடு வெட்டுவதென்றால் சும்மா வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையில் ஊற்ற வேண்டும், ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமி கொடுக்கும் உத்தரவு. உதறாத ஆட்டில் கத்தி வைக்க எந்தப் பூசாரிக்கும் தைரியம் வராது. இருளப்பன் கல்லுக்கு முன்னால் முதல் வெள்ளிக்கிழமை ஒரு கருங்கிடா நின்றது. மூன்று குடம் ஊற்றினார்கள். ஒரு மயிர் சிலிர்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு கிடா. அதுவும் அப்படியே. தண்ணீர் சொட்டச் சொட்ட, கல்லுக்கு அந்தப்பக்கம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வாரத்தில் லயத்தில் காய்ச்சல் பரவி இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். காவல் சாமி ஏன் காக்கவில்லை என்று ஆளுக்கொன்று பேசினார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கும்? ராக்கம்மா வாசலில்தான். கங்காணி நேரே வந்து சொல்லிவிட்டார்.

"ஏம்மா, சாமிக்கு உம்மேலதான் ஏதோ கோவம். இந்த வெள்ளியும் ஆடு உதறலேன்னா நீ இங்க இருக்கக் கூடாது. பொழுது சாயுறதுக்குள்ள எறங்கிப் போயிரணும்."

இறங்கி எங்கே போவது? ஒற்றைப் பொம்பளை கண்டி ரோட்டில் மூட்டையோடு போய் உயிரோடு ஊர் சேர்ந்ததை அவள் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் புருஷன் பேர் நாறிப்போகும், காம்பராவும் போகும். சொல்லாவிட்டால் ரோடு.

வியாழக்கிழமை நடுப்பகல், யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளே ஒரு சிரட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். பட்டப்பகல்தான். ஆனால் பனி இறங்கிக் காப்பிச் செடியெல்லாம் மறைந்து, கோட்டுப் பொத்தான் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தண்ணீரை வைத்துவிட்டு, "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க," என்று அழுதாள். திரும்பி நாலு எட்டு வைத்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் மடக் மடக்கென்று யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்புவாளா!

குடித்து முடித்த குரல், தொண்டை கரகரக்க, ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"வத்துர."

சிங்களத்தில் தண்ணீர் என்று அர்த்தம். அது இருளப்பன் குரல் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை இருளப்பன் அவளிடம் சொல்லியிருந்தான். பாயில் கிடந்து சொன்ன அந்தக் கதையில் அந்த வார்த்தை இருந்தது. வந்து வந்து குடித்துப் போவது யாரென்று ராக்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பிப் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லயமே திரண்டு நின்றது. செங்கிடா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கறுப்பையா ஒரு குடம் ஊற்றினான், இரண்டு, மூன்று. கிடா ஓடையைப் பார்த்தபடி கல்லாக நின்றது. பறை நின்றுபோனது. எல்லாக் கண்ணும் ராக்கம்மாவின் மேல் திரும்பியது.

"மூட்டையக் கட்டும்மா," என்றார் கங்காணி.

ராக்கம்மா கல்லிடம் போனாள். கோட்டைக் கழற்றினாள். கூட்டம் "ஐயையோ!" என்றது.

"இருளப்பன் வீரன் இல்ல," என்றாள். புருஷன் பேரை அதுவரை சொல்லியறியாத வாய் அது. "கலவரத்து வருசம் கலகெதரப் பக்கம் ஒரு ஆளப் புடிச்சு, கண்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி இவர்கிட்ட ஒப்படைச்சிருக்காக. வயக்காட்டு மனுசன். வழியில ஒரு ஓடை. 'வத்துர, வத்துர'ன்னு கெஞ்சியிருக்கான். பாவம் பாத்து இவரும் கட்ட அவுத்து விட்டிருக்கார். அந்த ஆளு அங்க கெடந்த சிரட்டையில மொண்டு குடிச்சான். அப்புறம் மறுபடியும் மொண்டுகிட்டு, இவரப் பாத்துக் கையை நீட்டித் திரும்பியிருக்கான். கையில கறுப்பா என்னமோ இருக்குன்னு பயந்து இவர் சுட்டுப்புட்டார்."

கோட்டைக் கல்லடியில் போட்டாள்.

"கிட்டப் போய்ப் பாத்தா சிரட்டை. 'எனக்கும் தாகமா இருக்கும்னு நெனச்சு நீட்டியிருக்கான் புள்ள'ன்னு சொல்லிச் சொல்லி அழுதார். அன்னிக்கு அழல. அன்னிக்குத் தன் கத்திய அவன் கையில வச்சுட்டு, வெட்ட வந்தான்னு மேலதிகாரிகிட்டச் சொல்லியிருக்கார். அவுக முதுகுல தட்டிக் குடுத்தாகளாம்."

கங்காணிக்கு முகம் சிவந்தது. "பட்டாளம்னா சுடத்தான் செய்வாக! நாலு பேரச் சுடாதவன் என்ன வீரன்? பதினாலு வருசம் துப்பாக்கி தூக்குனவன..."

"தூக்குனார். சம்பளம் வாங்குனார். நாம கூடை தூக்கிச் சம்பளம் வாங்கல? வேலைக்குப் போனவனுக்கெல்லாம் கல்லு நட்டா, மலையில காப்பிச் செடி வைக்க எடம் இருக்காது கங்காணியாரே. அவர் கெட்டவர் இல்ல. பயந்துட்டார், பொய் சொன்னார். சாகுற அன்னிக்குத்தான் நெசத்தச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்துச்சு. எனக்கு அதுவும் இத்தன நாள் வரல."

கறுப்பையாவின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"பேரு தெரியாது சாமி. தாகத்துக்குத் தண்ணி நீட்டுனியே, உனக்குத்தான்."

ஊற்றினாள். கிடா தலையிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து ஒரு உதறு உதறியது. மஞ்சள் தண்ணீர் தெறித்துக் கங்காணியின் மீசையெல்லாம் நனைந்தது. அந்த மனுஷன் துடைக்கக்கூட மறந்து, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பையா கத்தியை எடுத்தபோது ராக்கம்மா தடுத்துவிட்டாள்.

"ஆட்ட விடுங்க. அந்த மனுசன் கேட்டது தண்ணிதான்."

உத்தரவு கிடைத்த பிறகு அவளை ரோட்டுக்கு அனுப்ப யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் தனிக் காம்பரா அன்றைக்கே போய்விட்டது. விபூதியும் போனது. இரண்டு குடும்பம் நெருக்கியடித்துக் கிடந்த காம்பராவில் ஒரு மூலை கொடுத்து, நாளைக் காலை கூடையோடு பெரட்டுக்கு வா என்றார்கள். சரி என்று தலையாட்டினாள். நெஞ்சில் கிடந்த முள் போனதில் அவளுக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. அசந்து தூங்கியதில் கல்லுக்குத் தண்ணீர் வைக்க மறந்தே போனாள். கறுப்பையாவும் பயத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

விடிந்ததும் பதறிக்கொண்டு செம்புத் தண்ணீரோடு ஓடினாள். பனி அப்படியே கிடந்தது. கல்லுக்கு முன்னால் சிரட்டை விளிம்புவரைக்கும் நிறைந்து, தளும்பிக்கொண்டிருந்தது. யார் வைத்தது? வெறுங்கால் தடம் எங்கேயும் இல்லை. ஓடையிலிருந்து கல்வரைக்கும், கல்லிலிருந்து ஓடைவரைக்கும், போவதும் வருவதுமாக ஆணி அடித்த சப்பாத்தின் தடம். பக்கத்திலேயே தண்ணீர் சிந்திய ஈரம். கல்லுக்கு ஒரு எட்டுப் பின்னால் இரண்டு தடம் மட்டும் பக்கம் பக்கமாக, ஒருவன் ராத்திரி முழுக்க அசையாமல் நின்றதுபோல் ஆழப் பதிந்திருந்தது.

ராக்கம்மாவுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"போதுங்க," என்றாள் பனியைப் பார்த்து. "கால் வலிக்கும். செத்த நேரம் உக்காருங்க."

பனிக்குள்ளே சப்பாத்து ஆணி கல்லில் உரசும் சத்தம் ஒரு தரம் கேட்டது. அவன் உட்காரவில்லை.